பனியனில் ஏ.சி. டி.சி.!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வருகிற சொந்தக்காரர் இரண்டே காரணத்துக்காகத்தான் வருவார். ஒன்று, பத்திரிகை வைக்க. இன்னொன்று, கைமாற்று கேட்க. முதல் கேஸ் என்றால் கையில் வெற்றிலை பாக்குத் தட்டு இருக்கும். இரண்டாவது கேஸ் என்றால் அரை டஜன் வாழைப்பழம் இருக்கும்.

போன மாதம் எங்கள் சித்தப்பா வந்தபோது கையில் இருந்தது ஒரு கிடார்.

டி.வி.எஸ். எக்ஸெல்லில் கால் வைக்கிற இடத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்தி, முழங்காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார். வழியில் பார்த்தவர்கள் சந்தையில் வாங்கின ஆட்டுக்குட்டி என்று நினைத்திருப்பார்கள். இரண்டாவது டிரிப்பில் ஒரு கறுப்புப் பெட்டியும் வந்து சேர்ந்தது. ஆம்ப்ளிஃபயராம்.

''இது உன்ற ஊட்லயே இருக்கட்டுங் கண்ணு. அடுப்புல வெக்கலாம்னு பாத்தேன். வெல பதிமூணாயிரமாம். மனசு வரல'' என்றார்.

விஷயம் இதுதான். சித்தப்பா பையன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டான். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஒண்ணாம் தேதி சேர வேண்டும். துரை என்ன சொல்கிறார் என்றால், வேலைக்குப் போக மாட்டாராம். கோயமுத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கல்யாண சீஸனில் மாதம் பத்துக் கச்சேரியாம்!

''நாலு லட்சம் படிப்புக் கடன் இருக்குது. என்ற கையெழுத்து. கெரகம், பனியன்ல ஏ.சி. டி.சி.ன்னு போட்டுக்கிட்டுத் திரிஞ்சப்பவே நான் சுதாரிச்சிருக்கோணும். எலக்ட்ரிகல் சைடுல ஏதோ ஆர்வமாட்ட இருக்குதுன்னு சந்தோசப்பட்டுட்டேன்!''

சித்தப்பாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர் பெரியநாயக்கன்பாளையம். பஞ்சாலைக்கு நூற்பு மிஷின் செய்கிற லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1962-ல் இந்த ஊரில்தான் வந்தது. அதைச் சுற்றி லேத் பட்டறைகள், ஃபவுண்டரிகள், மோட்டார் பம்ப்பு உதிரி பாகம் செய்கிற ஷெட்டுகள். எங்கள் ஊர்க் குழந்தை 'அம்மா', 'அப்பா'வுக்கு அடுத்தபடியாகச் சொல்கிற வார்த்தை 'மைக்ரோமீட்டர்'. சித்தப்பாவும் முப்பது வருஷமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். ஏ.சி., டி.சி. என்றால் அவருக்குக் கரன்ட்தான்.

''நீ பத்திரிகைல எழுதற ஆளு. நீ சொன்னாக் கேப்பான்.''

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நான் பி.காம். ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தவன், இருபத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு எழுத வந்துவிட்டேன். இப்போது பகலில் நாலு கடைக்கு ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுத்து, ராத்திரியில் எழுதிப் பிழைக்கிறேன். வேலையை விடாதே என்று புத்தி சொல்ல என்னையா கூப்பிடுவது? கேட்டேவிட்டேன்.

''உன்ற கதை வேற. நீ பேனாதான புடிக்கற. கரன்ட்டு பில் வராது'' என்றார் சித்தப்பா.

* * *

சாயங்காலம் பையன் வந்தான். அதே பனியன். கிடாரைப் பார்த்ததும் முகத்தில், காணாமல் போன கன்றுக்குட்டியைப் பார்த்த மாதிரி ஒரு சிரிப்பு. எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நரம்பை முறுக்குகிற ஆறு குமிழில் ஒன்று உடைந்துபோயிருக்கிறது. பாக்கெட்டிலிருந்து ஒரு கட்டிங் பிளேயரை எடுத்து, அதால் திருகிச் சுதி சேர்த்தான். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து தினத்தந்தியைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார்.

''பனியன்ல இருக்கறது யாருப்பா?'' என்று ஆரம்பித்தேன்.

''மால்கம் யங்குங்ணா. ஆஸ்திரேலியாக்காரரு. ஏ.சி. டி.சி.ங்கறது அவரு ஆரம்பிச்ச பேண்டு.''

அவன் சொன்னதையும், அப்புறம் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் கிடார் பிடிக்கிற பையன் இருந்தால் உங்களுக்கு உபயோகப்படும்.

யங் குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைச் சேர்ந்தது. அங்கே குளிரும் கஷ்டமும் தாங்காமல் 1963-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார்கள். அண்ணன் ஜார்ஜ் 'ஈஸிபீட்ஸ்' என்ற குழுவில் கிடார் வாசித்து 1966-லேயே உலகப் புகழ் பெற்றுவிட்டார். அந்தப் புகழ் வாங்கித் தந்த பாட்டு எதைப் பற்றித் தெரியுமா? திங்கள்கிழமையிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டே, வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று ஏங்குகிறவனைப் பற்றி. (ஆபீஸ் போகிற வாசகர்கள் பெருமூச்சு விடலாம்.)

தம்பி மால்கம் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். என்ன வேலை? பெண்களின் உள்ளாடை தைக்கிற தொழிற்சாலையில் தையல் மிஷின் மெக்கானிக்!

திண்ணையில் தினத்தந்தி இறங்கியது.

''மிசின் மெக்கானிக்கா?''

''ஆமாங்க சித்தப்பா. பகல்ல மிஷின் ரிப்பேர், ராத்திரில கிடார்.''

''ம்... தையல் மிசினுல டைமிங் புடிக்கறது சாதாரண வேலை இல்ல'' என்று சொல்லிவிட்டு, மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார். இந்தத் தடவை நேராக.

1973-ல் மால்கமும் கடைசித் தம்பி ஆங்கஸும் சேர்ந்து பேண்டு ஆரம்பித்தபோது, பெயர் கிடைத்ததும் தையல் மிஷினிலிருந்துதான். அக்கா மார்கரெட்டின் மிஷினில் ஏ.சி., டி.சி. என்று போட்டிருந்ததாம். ஆங்கஸ் ஸ்கூல் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு மேடையில் புரண்டு புரண்டு வாசிப்பார். அந்த யோசனையும் அக்காவுடையதே. எழுபது வயதுக்கு அப்புறமும் ஆங்கஸ் அரை டிராயருடன்தான் மேடை ஏறினார்.

கூட்டம் பார்த்தது ஆங்கஸை. ஆனால் பாட்டைத் தாங்கியது, பின்னால் ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்ற மால்கம். கிடாரில் லீட், ரிதம் என்று இரண்டு வகை. மாரியாத்தா நோம்பியில் ஜமாப் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தர் துள்ளித் துள்ளி விளாசுவார். இன்னொருத்தர் நகராமல் ஒரே சீராக அடித்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டாவது ஆள் நிறுத்தினால் முதல் ஆள் துள்ள முடியாது. மால்கம் அந்த இரண்டாவது ஆள். தன் கிடாரில் வேண்டாத பாகங்களையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற 'பிக்கப்'பில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தார்.

1980 பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்துபோனார். குழு முடிந்தது என்றார்கள். ஐந்தே மாதத்தில் புதுப் பாடகரோடு 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். உலகம் பூராவும் 5 கோடிப் பிரதிகள் விற்றதாகச் சொல்கிறார்கள்.

* * *

''சரிப்பா, அதெல்லாம் ஆஸ்திரேலியா. நம்ம ஊர்ல?'' என்றேன். சித்தப்பாவுக்காகக் கேட்டது அது. திண்ணையிலிருந்து ஆமோதிப்பாக ஒரு கனைப்பு.

''ஏனுங்ணா, 'இளைய நிலா' பாட்டுல கிடார் வாசிச்சது யாருன்னு தெரியுங்களா?''

எனக்கு வியர்த்தது. 'பயணங்கள் முடிவதில்லை', 1982. தயாரித்தவர் நம் கோவைத்தம்பி. டைரக்‌ஷன் ஆர்.சுந்தரராஜன். இசை இளையராஜா. பாட்டு வைரமுத்து. குரல் எஸ்.பி.பி. இத்தனையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கிடார்?

''மோகன்தான?'' என்றது திண்ணை. ''பதினாறு வயசுல நாலு தடவ பாத்த படம். மைக்கைப் புடிச்சா மோகன் மாதிரி யாரு?''

''அவரு நடிச்சாருங்ப்பா. வாசிச்சது ஆர்.சந்திரசேகர்னு ஒருத்தருங்க. டிரம்ஸ் புருஷோத்தமன் இருந்தாரில்லீங்ளா, அவரோட சகோதரர்.''

இந்தப் பாட்டைக் கேட்காத தமிழன் இருக்க முடியுமா? அடுத்த வருஷமே இதே மெட்டு 'கலாகார்' என்கிற இந்திப் படத்துக்குப் போய், அங்கேயும் சக்கைப் போடு போட்டது. அந்த ஆரம்ப கிடாரை வாசித்துப் பார்க்காத கிடார் மாணவன் இல்லை. ஆனால் வாசித்த மனிதரின் பெயரை நாற்பது வருஷமாக எனக்குத் தெரியாது. (எனக்கு நாற்பது ஆகவில்லை. அது வேறு விஷயம்.) ராஜாவிடம் வருஷக்கணக்கில் கிடார் வாசித்த சதானந்தம் பெயரும் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கேசட் அட்டையில் பாடகர் பெயர் இருக்கும், கவிஞர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயரைத் தேட வேண்டியிருந்தது. தொண்ணூறுகளில் ஏ.ஆர்.ரஹ்மான் அட்டையிலேயே வாத்தியக்காரர்களின் பெயரைப் போட ஆரம்பித்த பிறகுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

''ஆக, வாசிச்சாலும் பேர் வராது'' என்றார் சித்தப்பா. குரலில் வெற்றி.

''பேருக்காக வாசிக்கறதில்லீங்ப்பா'' என்றான் பையன்.

''வேற? கடனுக்காகவா?''

இந்த இடத்தில் நான் புகுந்தேன். பி.காம். படித்த புத்தி எங்கே போகும்? ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டேன். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு.

முதல் கணக்கு, இளையராஜா. இசையமைப்பாளர் ஆவதற்கு முன்னால் அவரும் பிறர் குழுவில் கிடார் வாசித்தவர்தான். பண்ணைப்புரத்திலிருந்து மெட்ராஸ் வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்துகிற கிளாசிகல் கிடார் பரீட்சை எழுதித் தேறினார். ஜி.கே.வெங்கடேஷிடம் வேலை பார்த்தார். சலீல் சௌத்ரிக்கு வாசித்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியது 2025 மார்ச்சில். நாம் வரவை மட்டும் பார்த்துக் கைதட்டுகிறோம். 1976-க்கு முன்னால் அடுத்தவர் பாட்டுக்கு ஓரமாக உட்கார்ந்து வாசித்த வருஷங்கள் பற்றுப் பக்கத்தில் இருக்கின்றன.

இரண்டாவது கணக்கு, பிரசன்னா. ராணிப்பேட்டைக்காரர். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுகிற இன்ஜினீயரிங் படித்தவர். கப்பலை விட்டுவிட்டு கிடாரைப் பிடித்தார். அதிலும் என்ன வாசித்தார்? கர்நாடக சங்கீதம்! கிடாரின் கழுத்தில் குறுக்கே கம்பிக் கட்டைகள் இருக்கின்றன அல்லவா, அவை ஸ்வரத்தை இங்கே, இங்கே என்று நிறுத்திவிடும். நம் கமகமோ ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் வாழ்வது. அதனால் தந்தியை இழுத்தும் வழுக்கியும் அந்த நடு இடத்தைப் பிடிக்க வேண்டும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் தன் எலெக்ட்ரிக் மாண்டலினில் சின்னப் பையனாகவே சபாக்களில் இதைச் சாதித்துக் காட்டினார். (நாற்பத்தைந்து வயதில், 2014-ல் போய்விட்டார், பாவம்.) பிரசன்னா கிடாரில் செய்தார். அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போய்ப் படித்தார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக 2006-ல் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பம் போட்டார். 2009-ல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' டாக்குமென்டரிக்கு இசை அவர்தான். 2010-ல் சென்னைக்குப் பக்கத்தில் ஸ்வர்ணபூமி இசைக் கல்லூரியை ஆரம்பித்து வைத்தார்.

''பாத்தீங்களாப்பா!'' என்று துள்ளினான் பையன்.

''அவரு ஐ.ஐ.டி. முடிச்சுட்டுத்தான் போயிருக்காரு பாத்தியா!'' என்றார் சித்தப்பா.

ஒரே ஆள், இரண்டு கட்சிக்கும் சாட்சி!

* * *

மூன்றாவது கணக்கைப் போட எனக்கு மனசில்லை. ஆனால் போட்டேன். அது என் கணக்கு.

''தம்பி, நான் வேலைய விட்டேன். வருத்தமில்ல. பேர் அச்சுல வர்றப்ப இருக்கற சந்தோஷத்தை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா, அப்பாவுக்கு பைபாஸ் பண்ணினப்போ ஆஸ்பத்திரில பணம் கட்டற கவுன்ட்டர் முன்னால நின்னவன் என் தம்பி. திருப்பூர்ல எக்ஸ்போர்ட் கம்பெனில இருக்கான். அவன் கார்டை நீட்டினான். நான் பக்கத்துல நின்னு ஃபைலைப் புடிச்சுக்கிட்டிருந்தேன். அப்பா அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. இன்னிக்கும் இருக்கு.''

யாரும் பேசவில்லை. இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. காபி டம்ளரோடு வந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

''போகாதேன்னு சொல்லல. இந்தப் பக்கம் இதுவும் இருக்குன்னு எழுதி வெக்கறேன். அவ்வளவுதான்.''

பையன் கொஞ்ச நேரம் உடைந்த குமிழையே தடவிக்கொண்டிருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

''மால்கம் கடைசில என்ன ஆனாருன்னு தெரியுங்களாண்ணா? மறதி நோய் வந்துருச்சு. 2008-லருந்து ரெண்டு வருஷம் டூர் போனாங்க. அவரே போட்ட பாட்டை அவருக்கே ஞாபகமில்ல. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால உக்காந்து, புதுசாக் கத்துக்கற மாதிரி மறுபடி கத்துக்கிட்டு மேடையேறி வாசிச்சாரு. 2014-ல முடியாமப்போயி விலகினாரு. 2017 நவம்பர்ல போயிட்டாரு. அறுபத்துநாலு வயசு. எனக்கு அந்தப் பெரிய ஹிட்டெல்லாம் வேண்டாங்ணா. மறந்துபோனாலும் திரும்ப உக்காந்து கத்துக்கலாம்னு தோணுது பாருங்க, அப்படி ஒண்ணு எனக்கு இது மட்டுந்தான்.''

சொல்லிவிட்டு, கரன்ட்டில் மாட்டாமலேயே, சின்னச் சத்தமாக, 'இளைய நிலா' ஆரம்பத்தை வாசித்தான். தடுமாறாமல் வாசித்தான். முடிந்ததும் திண்ணையிலிருந்து குரல் வந்தது.

''அது நீ வாசிச்சதா? போன்ல போட்டுட்டேன்னு நெனச்சேன்.''

* * *

தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனால் அப்பனும் மகனும் ஒரு விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. அதை மட்டும் சொன்னேன்.

''வேலை எங்க? மெட்ராஸ்ல. சினிமா கிடார்காரங்க எல்லாம் எங்க? அதே மெட்ராஸ்ல. ஸ்டூடியோ பூரா வடபழனி, சாலிகிராமம்னு இருக்கு. கல்யாணக் கச்சேரிக்காக இங்க உக்காந்துட்டு எதுக்கு இந்தச் சண்டை?''

இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

மால்கம் மிஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டே வாசித்தார். ராஜா அடுத்தவருக்கு வாசித்துக்கொண்டே படித்தார். பிரசன்னா பட்டத்தை முடித்துவிட்டு மாறினார். நான்தான் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்கினவன். ஒப்பந்தம் இப்படி முடிவாயிற்று: இரண்டு வருஷம் மகன் ஒழுங்காக வேலை பார்த்துக் கடனைக் கட்ட வேண்டும். அந்த இரண்டு வருஷமும் கிடாரைப் பற்றி அப்பா வாயைத் திறக்கக் கூடாது. அதற்கப்புறம் வேலையை விடுகிறேன் என்றால், ஏன் என்று கேட்கவும் கூடாது. கடைசி ஷரத்துக்குச் சித்தப்பா அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். அம்மா கொண்டுவந்த இரண்டாவது காபி ஆறுவதற்குள் ஒத்துக்கொண்டார்.

சேரன் எக்ஸ்பிரஸ்ஸில் ஏற்றிவிடப் போயிருந்தோம். வண்டி கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது, சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மகனிடம் நீட்டினார். உள்ளே பித்தளையில் ஒரு கிடார் குமிழ். பட்டறையில் அவரே கடைந்தது. கட்டிங் பிளேயரோடு மெட்ராஸில் போய் நின்றால் எலக்ட்ரீஷியன் என்று நினைத்துவிடுவார்களாம்.

''அளவு எப்பீங்ப்பா எடுத்தீங்க?''

''நீ தூங்கறப்போ'' என்றார் சித்தப்பா.

முதல் மாதத் தவணை கட்டியாகிவிட்டது. சனிக்கிழமைகளில் சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குப் போகிறானாம். ''ஓரமா உக்காந்து பாத்துட்டிருக்கேங்ணா'' என்றான் போனில்.

ஆம்ப்ளிஃபயர் என் வீட்டில்தான் இருக்கிறது. அதன் மேல் அம்மா கீரைக்கட்டு வைக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மறுபடி வந்தார். கையில் எதுவுமில்லை. திண்ணையில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

''ஏங் கண்ணு, அந்தத் தையல் மிசின்காரன் பாட்டு உன்ற போன்ல இருக்குதா?''

போட்டேன். முழுசாகக் கேட்டார். முடிந்ததும் சொன்னார்:

''பாடறவன் எதுக்கு இப்படிக் கத்தறான்னு தெரியல. ஆனா பின்னால ஒண்ணு ஓடுது பாரு... புது பேரிங் போட்ட மோட்டாராட்ட. சீரா ஓடுது.''